பதினோராம் பிரிவில் நின்ற குரல்

செத்துப்போன மனிதர் பதினோராம் பிரிவோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

பூட்டிய கதவுக்கு வெளியே நானும் அத்தையும் நின்றிருந்தோம். சாயங்கால வெளிச்சம் தாழ்வாரத்தில் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் மேஜைகளில் ஒருவரும் இல்லை. ஐந்து மணிக்கு விடவேண்டிய அலுவலகம் அதற்கு வெகு முன்பே காலியாகிவிட்டது. சற்றுமுன் வரை உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் நிதானமாக ஒரு சட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிரிவும் முடிந்ததும் ஓர் இடைவெளி விடும். யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருக்கும். பதில் வராது. பிறகு அடுத்த பிரிவு தொடங்கும். என்னைப் பயமுறுத்தியது அந்த இடைவெளிதான். வாசிக்கிற பேயைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா, காத்திருக்கிற பேயை எப்படிப் பொறுப்பது?

"அத்தை, கிளம்பிடலாமா?"

"என்ன மாப்ள, பயமா?"

"பயமெல்லாம் இல்ல. உங்க பொண்ணுக்குச் சின்ன வயசு. அவளை நினைச்சாத்தான் கவலையா இருக்கு."

அத்தை என் மனைவியைப் பெற்றவர். குற்றப்பிரிவில் திருடர்களையும் மேலதிகாரிகளையும் ஒருசேர நடுங்க வைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். எனக்கு வேலை போன மாதம், "வீட்ல உக்காந்து சுவரைப் பாக்கிறதுக்கு எங்கம்மாவுக்கு வண்டியாவது ஓட்டுங்களேன்" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து நான் உதவியாளன். அதாவது வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, பயப்படுவது ஆகிய மூன்றும் என் பொறுப்பு.

"அவர் வாசிக்கும்போது பின்னாடி என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று கேட்டார் அத்தை.

யோசித்துப் பார்த்தேன். "தகரத்துல மழை விழுற மாதிரி ஒரு சத்தம்."

"வெளியே மழை பெய்யுதா?"

"மழையா? அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. ஊரே காய்ஞ்சு கிடக்கு."

"பேய் வந்தா தனியா வரும் மாப்ள. மழையையும் கையோட கூட்டிக்கிட்டு வராது." அத்தை கதவிலிருந்து காதை எடுத்தார். "மழை பெஞ்ச ஒரு நாள்ல யாரோ பதிவு பண்ணி வச்சது. இப்போ வேற யாரோ போடுறாங்க. வாங்க, நம்மளைக் கூப்பிட்டவரைப் பாப்போம்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரண்டவன்தான், ஒப்புக்கொள்கிறேன். பதிவு என்று தெரிந்த பிறகும் அந்தத் தாழ்வாரத்தைக் கடக்கும்போது அத்தையின் முந்தானை ஓரமாகவே நடந்தேன்.

அது அரசாங்கத்தின் சட்டத்துறை. எந்தத் துறை எதைச் செய்ய நினைத்தாலும் "இதைச் செய்யலாமா?" என்று முதலில் இங்கேதான் கேட்கவேண்டும். புதுச் சட்டம் வேண்டுமென்றால் எழுதிக் கொடுப்பவர்களும் இவர்களே. சுருக்கமாகச் சொன்னால் வீட்டோடு இருக்கிற வக்கீல்கள். வீட்டோடு மாப்பிள்ளையான எனக்கு இவர்கள் படும் பாடு உடனே புரிந்துவிட்டது. சோறு போடுகிறவர்களிடமே போய் "நீங்க செய்யறது தப்பு" என்று சொல்லவேண்டிய உத்தியோகம்.

எங்களை அழைத்திருந்தவர் அந்தத் துறையின் செயலர். ஒல்லியான, சுத்தமான மனிதர். மேஜைமேல் இருந்த ஒவ்வொரு பேனாவும் அளந்து வைத்ததுபோல் இருந்தது. கண்கள் மட்டும் பல நாள் தூங்காத கண்கள்.

"கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டோம். யார் குரல் அது?" என்றார் அத்தை.

"எங்க மூத்த வரைவாளர். சட்டங்களை எழுதுறவர். போன மாசம் இந்தக் கட்டடத்துப் படிக்கட்டுலயே மாரடைப்பு வந்து இறந்துட்டார்." செயலர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நீங்க நின்னது வாசிப்பறைக்கு வெளியே. ஒரு சட்டம் என் கையெழுத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அங்க ரெண்டு பேர் எதிரெதிரா உக்காருவாங்க. ஒருத்தர் வாசிப்பார், ஒருத்தர் கேப்பார். பிரிவு சரியா இருந்தா கேக்கிறவர் 'சரி'ம்பார். ஒரு சொல் தப்பினாலும் 'நில்'லும்பார். வேற பேச்சு கிடையாது. இருபது வருஷம் அவர் வாசிச்சார், நான் கேட்டேன். என் காதைத் தாண்டி ஒரு தப்பு அச்சுக்குப் போனதில்லை."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்துபோனது.

"அப்புறம்?"

"நான் செயலர் ஆனேன். புதுசா வந்தவங்களுக்குக் கேக்கிற பொறுமை இல்லை. அதனால அவரே வாசிச்சுப் பதிவு பண்ணி, அவரே போட்டுக் கேட்டுச் சரிபார்த்திருக்கார். அந்த ரெக்கார்டர் இப்போ யார்கிட்டயோ இருக்கு. கண்டுபிடிச்சு நேரா என் கையில கொடுங்க. வேற யார் கைக்கும் போகக் கூடாது. வரைவுங்கிறது அரசாங்க ரகசியம்."

"அவர் கடைசியா எழுதின சட்டம் எது?"

செயலர் சன்னல் பக்கம் பார்த்தார். "குன்றுச் சட்டம்."

அந்தக் கதை ஊருக்கே தெரியும். மண் சரிகிற குன்று ஒன்றின்மேல் தெருத்தெருவாகக் குடும்பங்கள். அவர்களைக் காலி செய்ய ஒரு சட்டம் வந்தது. "வீடு கொடுக்காம ஒருத்தரையும் வெளியேத்த மாட்டோம்" என்று அமைச்சர் மேடையில் சொன்னார். அச்சில் வந்த சட்டத்திலோ அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் தெருவை இடித்துவிட்டார்கள். ஜனங்கள் தகரத்தையும் பாயையும் சுமந்துகொண்டு தெருவில் நின்றார்கள். அந்த வரி எங்கே போனது என்று விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் ஒருவரை நியமித்தார்கள். விசாரணை நாளையோடு முடிகிறது.

"அப்படி ஒரு பிரிவு எந்த வரைவிலயும் வரலை. அவர் எழுத மறந்துட்டார். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு," என்றார் செயலர்.

"வரைவுகளைப் பாக்கலாமா?"

"கையெழுத்து ஆனதும் எல்லா வரைவையும் அழிச்சிடணும். அது எங்க விதி. சட்டம்னா ஒண்ணுதான் இருக்கணும், ரெண்டு இருக்கக் கூடாது."

நல்ல விதிதான். மனிதர்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் அத்தை முதலில் நீதிபதி அம்மாளைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது முகம் இறுகியிருந்தது.

"அவர் மறந்துட்டார்னு முடிவானா, சட்டசபை கூடித்தான் திருத்தணுமாம். அதுக்குள்ள குன்று முழுக்கக் காலியாயிடும். எழுதினதை யாரோ எடுத்திருந்தா அது மோசடி. இன்னிக்கே இடிக்கிறதை நிறுத்திடுவாங்களாம். எப்படி இருந்தாலும் இன்னிக்குள்ள ஒரு பேர் அறிக்கையில ஏறும் மாப்ள. இப்போதைக்கு அது செத்தவர் பேர்."

"செத்தவர் பேரை எழுதறது சுலபம். மறுப்புக் கடிதம் வராது," என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை.

பிறகு தாழ்வாரத்தில் வேலை செய்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்விதான்: "குரல் எப்போ நிக்குது?"

"பதினொண்ணாம் பிரிவு முடிஞ்சதும் மேடம்," என்றார் தலைமை எழுத்தர். பேசும்போதே கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு நாளாவது அதைத் தாண்டிப் போயிருக்கா?"

"இல்ல மேடம். தினமும் பதினொண்ணோட சரி. நாங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அதுவரைக்கும்தான் கேட்டிருக்கோம்."

தட்டச்சர் அதையே சொன்னார். காவலாளியும் அதையே சொன்னார். கடைசியாக வந்தவர் செத்தவரின் தங்கை. அவரும் அங்கே வரைவாளர், அண்ணனுக்கு நாலு நாற்காலி கீழே. மெலிந்த பெண், நாற்பது வயதிருக்கும். மற்றவர்களைப் போலப் பயமில்லை அந்த முகத்தில். பயத்தைவிட மோசமான ஏதோ இருந்தது.

"குரல் எப்போ நிக்குதும்மா?"

"பன்னிரண்டுக்கு முன்னாடி."

அத்தை தலையாட்டிவிட்டு, போகலாம் என்று கைகாட்டினார். அந்தப் பெண் வாசலைத் தாண்டியதும் எழுந்தார்.

"வாங்க மாப்ள, பேயைப் பிடிச்சாச்சு."

"எங்கே அத்தை? நான் தும்மினப்போ தவற விட்டுட்டேனா?"

"பதினொண்ணோட நிக்குதுன்னு கேட்டவங்க சொல்லுவாங்க. பன்னிரண்டுக்கு முன்னாடி நிக்குதுன்னு நிறுத்துறவங்கதான் சொல்லுவாங்க."

வாசிப்பறையை ஒட்டினாற்போல் பழைய கோப்பறை. இரண்டுக்கும் நடுச்சுவரில், உச்சியில், சாளரம் மாதிரி ஒரு காற்றுத் துவாரம். அதன் கீழே ஓர் ஏணி. பூட்டிய அறைக்குள் குரல் எப்படிப் போனது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பெண் எங்களுக்காகக் காத்திருந்தவர்போல் ஒரு கட்டுக் கோப்பின்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் உள்ளங்கை அளவு ரெக்கார்டர்.

"செயலர்கிட்ட கொடுத்துடுவீங்களா?" என்று கேட்டார்.

"அது நீங்க சொல்லப்போறதைப் பொறுத்தது," என்றார் அத்தை. "ஏம்மா, கையில இதை வச்சுக்கிட்டு நேரா நீதிபதிகிட்ட போகாம, பேயாட்டம் எதுக்கு?"

"நான் அரசாங்கத்தோட வக்கீல். கட்சிக்காரரோட ரகசியத்தை வெளியே எடுத்துட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்ல. செயலர் ஒருத்தருக்குத்தான் உண்டு. அண்ணன் எனக்கு முதல்ல கத்துக்கொடுத்ததே அதுதான். அவருக்காகவே அதை மீறினா அவர் என்னை மன்னிக்க மாட்டார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா கட்டடத்துக்குள்ளயே போடக் கூடாதுன்னு ஒரு விதியும் இல்ல. தேடிப் பாத்துட்டேன். யாராவது வந்து கேப்பாங்கன்னு போட்டேன். எல்லாரும் ஓடிட்டாங்க."

"நாங்களும் ஓடியிருப்போம். அத்தைக்கு முழங்கால் வலி," என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

"பன்னிரண்டைப் போடுங்க," என்றார் அத்தை.

அந்தப் பெண் பொத்தானை அழுத்தினார். மழைச் சத்தம். பிறகு அந்த நிதானமான குரல்:

"பன்னிரண்டு. மாற்று வீட்டின் சாவி குடும்பத்தின் கையில் கொடுக்கப்படும் வரை, எந்தக் குடும்பத்தையும் குன்றிலிருந்து வெளியேற்றலாகாது."

பிறகு அந்த இடைவெளி. பட்டப்பகலில், மூன்று பேராக இருந்தும், எனக்கு முதுகு சில்லிட்டது.

"எழுதியிருக்காரே! அப்புறம் என்ன?" என்றேன்.

"வரைவுல இருந்துச்சு. அவ்வளவுதான் இது சொல்லுது. அதுக்கப்புறம் கையெழுத்துக்குச் சுத்தப்பிரதி எடுத்ததும் அண்ணன்தான். அப்போ அவர் கையாலயே விட்டுப்போயிருந்தா?" அந்தப் பெண் ரெக்கார்டரை நிறுத்தினார். "தெருவை இடிச்ச அன்னிக்கு அவர் செயலரைப் பாக்கப் போனார். வெளியே வந்து எனக்கு போன் பண்ணார். 'நான் விட்டுட்டேன்னு சொல்றாரும்மா. எனக்கு ஞாபகமே இல்ல. நான் விட்டிருப்பேனா?'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'எனக்குத் தெரியலைண்ணா'ன்னு சொன்னேன்." ரெக்கார்டரை மடியில் கவிழ்த்து வைத்தார். "அதான் மேடம் நான் சொன்னது. கொஞ்ச நேரத்துல அவர் படிக்கட்டுல கிடக்கறதா வந்து சொன்னாங்க. நான் தினமும் பன்னிரண்டுக்கு முன்னாடி நிறுத்தறது யாரையும் ஏமாத்த இல்ல. எனக்கு அதைக் கேட்கத் தைரியம் இல்ல."

அத்தை அவர் பக்கத்தில், தூசியிலேயே, உட்கார்ந்துகொண்டார். பிறகு கேட்டார்: "பன்னிரண்டாம் பிரிவோட வாசகம் உங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்காவது தெரியுமா? குன்றைக் காலி பண்ணச் சொன்ன துறைக்கு?"

"தெரியாது. அவங்க அதைக் கேட்கவே இல்லை. அண்ணனா எழுதினது. 'கேட்டதை மட்டும் எழுதறதுக்கு நாம எதுக்கு? கேட்காததையும் எடுத்துச் சொல்றதுதான் நம்ம வேலை'ம்பார். வீடு ஒதுக்கிட்டோம்னு காகிதத்துல காட்டி ஆளை வெளியே தள்ளிடுவாங்கன்னுதான் 'சாவி கையில்'னு போட்டார்."

"சரி. எழுந்திருங்க. நீதிபதி அம்மாவைச் சாயங்காலம் இந்தக் கோப்பறைக்கு டீ குடிக்க வரச் சொல்லணும்," என்றார் அத்தை.

"இங்கயா? இந்தத் தூசியிலயா?" என்றேன்.

"தும்மாம இருக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் செயலரின் அறைக்குப் போனோம். அத்தை குரலில் தேனைத் தடவிக்கொண்டார்.

"ரெக்கார்டர் கிடைக்கிற மாதிரிதான் சார் இருக்கு. ஆனா ஒரு சோதனை பண்ணிப் பாக்கணும். அந்த அறையில பேசுற குரல் எங்கெங்க போகுதுன்னு தெரியணும். நான் அவர் நாற்காலியில உக்காந்து வாசிக்கிறேன். நீங்க உங்க பழைய நாற்காலியில உக்காந்துக்குங்க. கேக்கறதுக்கு உங்களை மாதிரி ஒரு காது வேற யாருக்கு இருக்கு?"

அவர் தயங்கினார். பிறகு சாவியை எடுத்தார். பெருமை என்பது பொல்லாத சமாச்சாரம், தலையைத் தடவினால் பின்னாலேயே வரும்.

வாசிப்பறையில் ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், வேறொன்றுமில்லை. செயலர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் அத்தை உட்கார்ந்தபோது அவர் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். சன்னல் வழியே வந்த வெளிச்சம் மஞ்சளாகிச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. நான் கதவோரம் நின்றேன். ஓடுவதற்கு வசதியான இடம்.

அத்தை அச்சுப் பிரதியை விரித்து வாசிக்கத் தொடங்கினார். அந்தக் குரலின் அதே நிதானம். ஒன்றாம் பிரிவு முடிந்ததும் அதே இடைவெளி. செயலர் வாயைத் திறக்கவில்லை.

"இரண்டு. அறிவிப்புக் கொடுத்த முப்பது நாட்களுக்குள்..."

"நில்." செயலர் சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார். "அறுபது. அறுபது நாட்கள்."

"மன்னிக்கணும். கண்ணாடி மாத்தணும்," என்றார் அத்தை. மறுபடி சரியாக வாசித்தார்.

"சரி," என்றார் செயலர்.

நாலாம் பிரிவில் இன்னொரு தப்பு. எட்டாம் பிரிவில் ஒன்று. 'இவருக்கா குற்றப்பிரிவில் பதக்கம் கொடுத்தார்கள்!' என்று எனக்கே சங்கடமாக இருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், நான் யார் கேட்பதற்கு? ஆனால் செயலர் ஒன்றையும் விடவில்லை. அவர் கையில் பிரதிகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்துவிட்டது. "சரி." "நில்." "சரி." அவர் எங்களோடு அந்த அறையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பது அத்தை என்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

"பதினொன்று," என்று வாசித்து முடித்தார் அத்தை.

"சரி."

அத்தை மூச்சு வாங்கவில்லை. "பன்னிரண்டு. மாற்று வீடு குடும்பத்தின் பெயரில் ஒதுக்கப்படும் வரை, எந்தக் குடும்பத்தையும்..."

"நில். 'ஒதுக்கப்படும்' இல்லை. சாவி. 'சாவி குடும்பத்தின் கையில் கொடுக்கப்படும் வரை.'"

அத்தை அச்சுப் பிரதியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

செயலர் கண்ணைத் திறந்தார். முன்னால் இருந்த அச்சுப் பிரதியைப் பார்த்தார். அதில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. அத்தையைப் பார்த்தார். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் கண்ணால் கண்டேன்.

அப்போது சுவர் பேசியது.

"செயலர் அவர்களே, அப்படி ஒரு பிரிவு எந்த வரைவிலயும் வரலைன்னு என்கிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னீங்க."

நீதிபதி அம்மாள் அந்தப்பக்கம் இருப்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். இருந்தும் நான் கதவில் முட்டிக்கொண்டேன். செயலர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"இது... வரைவு ரகசியம். வெளியாளுக்குக் காட்டினது குற்றம்," என்றார் செயலர்.

"யார் சார் காட்டினது?" என்றார் அத்தை. "நான் வாசிச்சது வரைவே இல்ல. தப்புத் தப்பா வாசிச்சேன். சரியானதைச் சொன்னது நீங்க. வெளியே சொல்ற அதிகாரம் இந்தக் கட்டடத்துலயே உங்க ஒருத்தருக்குத்தானே இருக்கு?"

"நான்... நானும் இந்தத் தாழ்வாரத்துல குரலைக் கேட்டேன். அதுல..."

"அது பதினொண்ணோட நின்னுடுது சார். ஆபீஸ் முழுக்க அதுக்குச் சாட்சி."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த மனிதர் மேஜையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கச் சொன்னது யார்? அமைச்சரா?" என்று கேட்டது சுவர்.

"யாரும் சொல்லலைம்மா."

"சும்மா சொல்லாதீங்க."

"சத்தியமா யாரும் சொல்லலை. மேடையில சொல்றது மேடைக்குன்னு நானா முடிவு பண்ணிட்டேன். அவங்க மனசுல இருக்கறது வேற, அதைப் புரிஞ்சுக்கிட்டுச் செய்யறவன்தான் நல்ல செயலர்னு நினைச்சேன். எள்ளுன்னு கூட அவங்க சொல்லலை. நான் எண்ணெயா நின்னேன்." ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "சுத்தப்பிரதியில ஒரு பக்கத்தை மாத்தினேன். சட்டம் அச்சுல வந்தப்புறம் அமைச்சர் கூப்பிட்டுக் கேக்கறார், 'நான் சொன்ன வரி எங்கய்யா?'ன்னு. நான்தான் எடுத்தேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வரைவாளர் விட்டுட்டார்னு சொன்னேன்."

"அவர்கிட்டயும் அதையே சொன்னீங்க," என்றார் அத்தை.

"சொன்னேன். சண்டை போடுவார்னு பாத்தேன். போடலை. இருபது வருஷமா நான் 'சரி'ன்னா அவருக்குச் சரி, நான் தப்புன்னா தப்பு. என் பேச்சை நம்பிட்டுப் போனார்." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஆபீஸ்ல மட்டுமில்லம்மா, வீட்லயும் எனக்கு அவர் வாசிக்கறது கேக்குது. பிரிவு முடிஞ்சதும் நிறுத்திட்டு எனக்காகக் காத்திருக்கார். நான் ரெக்கார்டரைத் தேடினது மறைக்கிறதுக்குன்னு நீங்க நினைப்பீங்க. அதுவும்தான். ஆனா அந்தச் சத்தம் நிக்கணும்."

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு தகரமும் பாயுமாகத் தெருவில் நின்றவர்கள் ஞாபகம் வந்தார்கள். என் பரிதாபத்தை அவர்களுக்காக எடுத்துவைத்துக்கொண்டேன்.

நீதிபதி அம்மாள் கோப்பறையிலிருந்து வெளியே வந்தபோது புடவையெல்லாம் ஒட்டடை. தட்டிவிட்டுக்கொள்ளக்கூட நிற்கவில்லை. தாழ்வாரத்தில் நடந்துகொண்டே போனில், இடிக்கிற வண்டிகளை அங்கேயே நிறுத்தச் சொன்னார். காவலாளி வந்து செயலரின் பக்கத்தில் நின்றார். அவரைத் தொடவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

தங்கை மட்டும் கோப்பறையிலேயே இருந்தார். நாங்கள் போனபோது கையில் போனை வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணிகிட்ட சொல்லணும். அவர் செத்ததுலேர்ந்து நான் அந்த வீட்டுப் பக்கமே போகலை. எந்த முகத்தோட போறது?" என்றார்.

"இப்போ சொல்லுங்க," என்றார் அத்தை.

அழைத்தார். அண்ணிக்கு உரத்த குரல். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணி, அண்ணன் எதையும் விடலை அண்ணி. செயலர்தான் எடுத்திருக்கார். ஒத்துக்கிட்டார்."

அந்தப்பக்கம் நீளமாக ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

"அவர் விடலைன்னு எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே," என்றார் அண்ணி.

"அண்ணி, அன்னிக்கு அவர் எனக்குப் போன் பண்ணிக் கேட்டார். 'நான் விட்டிருப்பேனா'ன்னு. நான் தெரியலைன்னு சொல்லிட்டேன். அவர் கடைசியா கேட்டது அதுதான். நான்தான்..."

"அடி பைத்தியமே! உனக்கப்புறம் எனக்குப் பண்ணார்டி. என்கிட்டயும் அதையே கேட்டார். 'ரெண்டு சாமான் வாங்கியாரச் சொன்னா மூணு வாங்கிட்டு வர்ற ஆளு நீங்க, நீங்களாவது விடறதாவது'ன்னு திட்டினேன். சிரிச்சார். 'ஆமாண்டி, நான் விட்டிருக்க மாட்டேன், ரெக்கார்டர்ல இருக்கும், போய்ப் பாக்கறேன்'னுட்டுத்தான் போனை வச்சார். சிரிச்சுக்கிட்டுத்தாண்டி படி இறங்கினார்."

தங்கை அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை முழுவதும் அப்போதுதான் வந்தது. அத்தை அவர் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். எனக்கும் கண்ணில் தூசி விழுந்தது.

"ஏன் அண்ணி இதை என்கிட்ட சொல்லலை?"

"நீ வீட்டுக்கு வந்திருந்தா சொல்லியிருப்பேனேடி," என்றார் அண்ணி.

அத்தை என் பக்கம் திரும்பினார். "வண்டியை எடுங்க மாப்ள. இந்தப் பொண்ணை அவங்க அண்ணி வீட்ல விடணும்."